பிளஸ் சார்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஆறுதல் வார்த்தை ஒன்றைக்கூடச் சொல்லாமல் வாழ்ந்து முடிக்கப்போகிற ஒரே ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தேடி அலையக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன்.

ஆதாரங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் கணக்குப் பாடத்தில் தோற்று அழுதபோது, வகுப்பே அவனைச் சூழ்ந்துகொண்டு "அடுத்த தடவை பாஸ் பண்ணிடுவடா" என்றது. நான் மட்டும் அவனுடைய விடைத்தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் கஷ்டம்தான்" என்றேன். அடுத்த தடவையும் தோற்றான். அவன் இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை. ஆனால் கணிப்பு சரி. துக்க வீடுகளுக்கு என்னை அழைத்துப் போவதை அண்ணி எப்போதோ நிறுத்திவிட்டார். போன இடத்தில், "இந்த வயசுல இது சகஜம்தான்" என்று நான் ஒரு விதவையிடம் சொன்னதாகக் குற்றச்சாட்டு. சொன்னேன்தான். சகஜம்தானே?

எண்கள் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. அதனால்தான் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தேன். வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்கவில்லை என்பது இதற்குச் சம்பந்தமில்லாத தகவல்.

அம்மா அப்பா போய் நாளாயிற்று. வீட்டில் மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கடைசியில் நன்றி சொல்கிற வேலை. மூன்றாவது ஆள் நான். இந்த இரண்டு பேரையும் திருத்துவது என் பொறுப்பு.

அண்ணனைத் திருத்த வேண்டியிருந்தது அவனுடைய 'அஞ்சு நிமிஷ'த்துக்காக. லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வந்து முதலில் கத்துவது இதைத்தான். மோட்டார் எரிந்து கரியாகிக் கிடந்தாலும் அஞ்சு நிமிஷம். கட்டடத்துக்கே மின்சாரம் இல்லையென்றாலும் அஞ்சு நிமிஷம். ஒரு விடுமுறையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவனோடு போயிருந்தேன். உள்ளே ஒரு பெரியவர் கதவைக் குத்திக்கொண்டிருந்தார்.

"இதோ, அஞ்சு நிமிஷம் சார்!"

"யோவ், நீ இதையே சொல்லி ஒரு மணி நேரமாச்சுய்யா!"

"அதே அஞ்சு நிமிஷம்தான் சார், புதுசா ஒண்ணும் கேக்கல!"

இதை நான் கல்லூரிச் சுவரிதழில் 'காலத்தை நிறுத்திய விஞ்ஞானி' என்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய் புரொபசர், உள்ள இருக்கறவன்கிட்ட உண்மையச் சொன்னா அவன் கதவ உடைச்சுடுவான். கதவுக்கு யார் பதில் சொல்றது, உங்க காலேஜா?"

கதவின் மேல் அவ்வளவு அக்கறை அவனுக்கு.

நோய் லிஃப்டின் தலைமேல்தான் ஆரம்பித்தது. கேபின் மேலே ஏறி நின்று பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், இல்லாத கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறான். கூட வேலை பார்க்கிறவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்தக் கதையைவிட அது எவ்வளவோ சுருக்கமான கதை. வீட்டுக்கு வந்ததும் அண்ணியைப் பார்த்து, "ஏம்மா, நீ எப்ப ரெண்டு பேரானே? ஒருத்தியே தாங்க முடியல" என்றான். அண்ணி சிரித்தார். மறுநாளும் இரண்டு பேராகத் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கவே தனியாக ஒரு மூச்சு வேண்டியிருந்தது. மூளையின் அடித்தண்டில் கட்டி. அறுத்து எடுக்க முடியாத இடம்.

"ரொம்ப அபூர்வமானது. என் சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி ரெண்டு பேரத்தான் பாத்திருக்கேன்" என்றார்.

அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவங்க ரெண்டு பேரும் இப்ப எப்படி இருக்காங்க டாக்டர்?"

டாக்டர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, நேராக வைத்தார்.

"கதிர்வீச்சு குடுக்கலாம். கூடவே மாத்திரை. ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது. 'ஒவ்வொரு மாதிரி' என்பது ஒரு எண்ணே அல்ல. "டாக்டர், சிகிச்சையோட பலன் பத்தி ஏதாவது ஆய்வு இருந்தா குடுங்க. நான் புள்ளியியல் மாணவன்" என்றேன். சட்டம் படித்தவன் போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிற தோரணையில் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தார். பிறகு அண்ணனிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். இந்த நோய் வந்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் எல்லாருடைய விவரங்களையும் ஓரிடத்தில் சேர்க்கிறார்களாம். சம்மதித்தால், சிகிச்சை முடிந்த பிறகும் அவ்வப்போது போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேட்பார்களாம்.

"போன் பண்ணி நலம் விசாரிப்பாங்களா? எங்க சொந்தக்காரன் ஒருத்தனும் பண்றதில்லையே! குடுங்க" என்றான் அண்ணன். பேனாவைக் காகிதத்தின் மேலே நிறுத்திக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தான். "டாக்டர், கையெழுத்துக்கு ரெண்டு கோடு தெரியுது. எதுல போட?"

"ஏதாவது ஒண்ணுல போடுங்க."

ஏதோ ஒன்றில் போட்டான்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கட்டுரையை விரித்தேன். அதில் ஒரே ஒரு படம்தான் பார்க்கத் தகுந்தது. இடப்பக்கம் உச்சியில் தொடங்கி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போகிற ஒரு கோடு.

"பாக்கறதுக்குப் படிக்கட்டு மாதிரி இருக்கு" என்றான் அண்ணன், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு. ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உலகம் ஒன்றாகத் தெரியும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தான்.

"படிக்கட்டேதான். ஆரம்பத்துல எல்லாரும் மேல நிக்கறாங்க. ஒவ்வொருத்தர் போகப் போக ஒரு படி எறங்குது."

"போகப் போகன்னா, எங்க போக?" என்றார் அண்ணி.

"போயிடறது, அண்ணி."

அண்ணன் படத்தைச் சற்று நேரம் பார்த்தான். வேலை இடத்தைப் பார்வையிடுகிற பார்வை. "செங்குத்தா கட்டியிருக்கானுங்க. இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போட்டிருக்கலாம்."

"போட்டாலும் கீழதாண்ணா போகும்."

"வாய மூடு தம்பி" என்றார் அண்ணி. அவருடைய விரல் கோட்டின் மேலேயே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. படிகள் எல்லாம் இறங்கி முடிந்து, தரைக்குச் சற்று மேலே கோடு மட்டமாக நீண்டு போகிற இடம். அதன் கடைசியில், யாரும் துணைக்கு இல்லாமல், ஒரு சின்னக் கூட்டல் குறி.

"இது என்ன?"

"அது ஒரு ஆள். அவரப் பத்தி அதுக்கப்புறம் தகவல் இல்லன்னு அர்த்தம்."

"தகவல் இல்லன்னா?"

"போன் பண்ணியிருப்பாங்க, எடுத்திருக்க மாட்டார். இல்ல, வீடு மாறியிருப்பார். அதுவரைக்கும் உயிரோட இருந்தார்ங்கறது தெரியும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் தெரியாது."

"அப்ப சாகல."

"செத்ததா தெரியல."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்ல அண்ணி, நீங்க சொல்றது வேற."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, போன் எடுக்காதவங்களப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காத. புகார் சொன்னவங்களுக்கு நான் தினம் எத்தன போன் திருப்பிப் பண்றேன் தெரியுமா? குளிச்சுட்டு இருப்பாங்க. வண்டி ஓட்டிட்டு இருப்பாங்க. பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு இருப்பாங்க. நான் வேலைக்குச் சேந்ததுலருந்து, செத்துப்போனதால போன் எடுக்கலைன்னு சொன்ன ஆள் ஒருத்தரக்கூடப் பாத்ததில்ல."

"செத்தவர் எப்படி அண்ணி எடுத்துச் சொல்வார்?"

அண்ணன் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டான்.

"போன் எடுக்காதவன் எல்லாம் உயிரோட இருக்கான்னா, எங்க காலேஜ் ஆபீஸ் கிளார்க்குக்கு சாவே கிடையாது" என்று நான் முடித்தேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் வாதத்தில் ஜெயிப்பவன் பாத்திரம் கழுவப் போவான், தோற்பவர் நினைத்ததைச் செய்வார். நான் கழுவிவிட்டு வருவதற்குள் அந்த ஆளுக்குப் பெயர் வைத்தாயிற்று. பிளஸ் சார்.

அந்தப் படத்தில் வேறு கூட்டல் குறிகளும் இருந்தன என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவிட வேண்டும். நடுப் படிகளில் அங்கங்கே நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணி அவர்களைச் சட்டை செய்யவில்லை. நடுவில் காணாமல் போனவர்களை யாரும் தத்து எடுப்பதில்லை.

பிளஸ் சார் எங்கள் வீட்டில் நாலாவது ஆளானார். வாடகை கொடுக்காவிட்டாலும் தொந்தரவில்லாத ஆள். கட்டுரையில் அவருடைய வயதோ ஊரோ ஆணா பெண்ணா என்பதோகூட இல்லை. அண்ணிக்கு அதெல்லாம் தடையே இல்லை. பிளஸ் சாருக்குப் போன் என்றாலே பிடிக்காது என்று முடிவாயிற்று. காலையில் நடைப்பயிற்சி போவார். மாத்திரை விழுங்க அண்ணன் முகத்தைச் சுளித்தால், "பிளஸ் சார் சுளிக்காம முழுங்கியிருப்பார்" என்பார் அண்ணி. "அந்தாளு போனையே முழுங்கியிருப்பான், அதான் எடுக்கல" என்பான் அண்ணன். ஒரு நாள் அவனே சொன்னான்: "எனக்கென்னவோ அவன் எங்கயோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்னு தோணுது. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவான்."

இதை இப்படியே விடுவது கல்விக்குச் செய்யும் துரோகம். அந்த மாதச் சுவரிதழில் எழுதினேன். தலைப்பு: 'காணவில்லை, எனவே நலம்'. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். காணாமற்போனவர்கள் எல்லாரும் சௌக்கியமாக வாழும் ஒரு நாடு. அங்கே ஆஸ்பத்திரி கிடையாது. டெலிபோன் கம்பியை அறுப்பதுதான் வைத்தியம். ராணியாக ஓர் அண்ணி. கல்லூரியே சுவரைச் சுற்றி நின்று சிரித்தது.

கதிர்வீச்சுக்குப் போக என்னையும் கூட்டிக்கொள்ள வந்த அண்ணி, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று முழுதும் படித்தார். ஒரு தோளில் கைப்பை, இன்னொரு தோளில் அண்ணனுடைய ஸ்கேன் படங்கள் வைத்த நீளப் பை. நான் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியும்.

"எழுத்து நல்லா வருது உனக்கு" என்றார். வெளியே நடக்கும்போது, "பிளஸ் சார் காதுல விழுந்தா வருத்தப்படுவார்" என்றார்.

"காது கேட்டிருந்தா போனை எடுத்திருப்பார் அண்ணி."

அவர் பதில் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சேவையில், திட்டுகிறவர் மூச்சு வாங்கும்வரை பேசாமல் இருக்கப் பழக்கியிருப்பார்கள் போலிருக்கிறது.

கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க ஒரு முகமூடி செய்தார்கள். வெந்நீரில் நனைத்து இளக்கிய வலைத்தகடு ஒன்றை அவன் முகத்தின் மேல் அழுத்தினார்கள். ஆறியதும் அது அண்ணனாகவே இறுகிவிட்டது. அவனுடைய கோணல் மூக்கு, அவனுடைய தாடை. அதை மாட்டி மேசையோடு சேர்த்துத் திருகி, எல்லாரும் வெளியே ஓடிக் கனமான கதவை மூடுவார்கள். "உள்ள நான், வெளிய அவங்க. வாழ்க்கையில முதல் தடவ நான் உள்ள மாட்டிக்கிட்டேன்" என்றான். "மெஷின் போடற பொண்ணு என்ன சொல்லிட்டுப் போறா தெரியுமா? அஞ்சு நிமிஷம்ங்கறா!"

சிகிச்சை முடிந்ததும் முகமூடியை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் மாத்திரைகளால் அண்ணனின் முகம் ஊதி உருண்டையாகியிருந்தது. வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தான், நுழையவில்லை. "எவன் முகமோ மாத்திக் குடுத்துட்டானுங்க" என்றான். அண்ணி அதை அலமாரியில் மல்லாக்க வைத்து, சாவிகளைப் போட்டுவைத்தார்.

கொஞ்ச நாள் நன்றாக இருந்தான். அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை; நல்ல நாட்களில் கேலி செய்ய ஒன்றும் இருப்பதில்லை. சட்டையைத் தானே மாட்டிக்கொண்டான். அண்ணியை ஒரே ஆளாகப் பார்த்தான். "பிளஸ் சார் கூட இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பார்" என்றார் அண்ணி. கட்டுரையின் மூன்றாவது பக்கத்தில், பெரும்பாலானவர்களுக்கு முதலில் இப்படி ஒரு தெளிவு வந்துபோகும் என்று இருந்தது. வந்துபோகும் என்பதில் 'போகும்' என்பதை நான் பென்சிலால் கோடிட்டிருந்தேன். அதை அவர்களுக்கும் சொன்னேன். யாரும் கேட்கவில்லையே என்று பார்க்காமல் சொன்னேன்.

பிறகு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. இடது கையும் வராமல் போயிற்று. பேச்சு குழறியது. மறு ஸ்கேன் எடுத்து, முடிவைக் கேட்கச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். நாங்கள் ஏறிய ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உள்ளே எங்களைத் தவிர, பூச்செண்டு வைத்திருந்த ஒரு அம்மாள், துணி மூட்டையோடு ஒரு ஊழியர்.

அந்த அம்மாள் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். "ஐயோ, கதவு திறக்கலையே! காத்து வருமா? எவ்வளவு நேரம் ஆகும்?"

இதற்குச் சரியான விடை, பழுதின் வகையைப் பொறுத்தது என்பதுதான். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அஞ்... சு நிமி... ஷம்."

"நீங்க யாரு?"

"லி... ஃப்ட் மெக்... கானிக்."

அந்த அம்மாள் பூச்செண்டோடு கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல வேளை, ஒரு மெக்கானிக் கூடவே இருக்கீங்க!" என்று நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு கையும் ஒரு காலும் வராத மெக்கானிக்கை நம்பி நாலு பேர் அமைதியாக நின்றோம். நாலாவது ஆள் நான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அமைதியாக நின்றதற்குக் காரணம் கால் வலி. லிஃப்ட் தானாகவே உறுமிக் கிளம்பியது. அண்ணன் ஒற்றைப் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தான். மற்றப் புருவம் உயரவில்லை.

அது எங்களைக் கொண்டுபோய் விட்டது, டாக்டரின் மாடியில்.

டாக்டர் இந்தத் தடவை பேனாவைத் தொடவில்லை. கட்டி வளர்ந்திருந்தது. பக்கத்துக்கும் பரவியிருந்தது.

"வேற மருந்து இல்லையா?" என்றார் அண்ணி.

"இருக்கும்மா. குடுத்துப் பாக்கலாம். ஆனா குடுத்தா பலன் இருக்குமான்னு சொல்றதுக்கு எங்ககிட்ட ஆளுங்க பத்தல. இந்த நோய் வந்தவங்களே கொஞ்சம். அந்த மருந்து சாப்பிட்டவங்க அதுலயும் கொஞ்சம்." ஸ்கேன் படங்களைப் பைக்குள் போட்டு நீட்டி, "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கறது நல்லதுன்னு நினைக்கறேன்" என்றார்.

இந்த நோய் இன்னும் நிறையப் பேருக்கு வந்திருக்கக் கூடாதா என்று அன்று நினைத்தேன். ஆயிரக்கணக்கில் வந்து, அத்தனை பேரும் அந்த மருந்தைச் சாப்பிட்டு, எங்களுக்கு ஒரு நல்ல எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இதை வெளியே சொல்லவில்லை. மற்றபடி நான் எதையும் சொல்லாமல் விடுகிறவன் அல்ல.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு போகவேயில்லை. அண்ணி காலையில் வேலைக்குப் போய்விட்டால், பிறகு நான். தண்ணீர்கூடப் புரையேறியது. எதையும் கெட்டியாகக் கரைத்து, கரண்டியின் நுனியில் எடுத்து, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. அப்படி ஒரு மத்தியானம், கரண்டியை வேண்டாமென்று உதட்டால் தள்ளினான். ஏதோ சொல்ல வந்தான். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"பி... ளஸ் சார்... எப்ப... டி இருக்... கார்?"

அண்ணியிடம் கேட்டிருக்கலாம். ஒரு நாள் முழுக்க அவருடைய சௌக்கியத்தைச் சொல்லியிருப்பார். அண்ணி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டான். 'நல்லா இருக்கார்' என்பதற்கு இரண்டு சொல்தான் செலவு. ஒரு கண் என் மேலும் ஒரு கண் சுவரின் மேலும் இருந்தது.

"தெரியலண்ணா" என்றேன்.

என் சாதனைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அவன் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் கரண்டியைக் கழுவப் போனேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலை, அண்ணி ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் திரும்பியபோது போயிருந்தான். திரையை விலக்கும்போது இருந்தானா என்று அண்ணிக்குச் சொல்லத் தெரியவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். உறவினர்கள் வந்தார்கள். நோய் விசாரிக்கப் போன் செய்யாதவர்கள் எல்லாரும் நேரிலேயே வந்தார்கள். "கஷ்டப்படாமப் போயிட்டான்" என்றார் ஒருவர். "கஷ்டப்பட்டான்" என்றேன். அவர் வேறு பக்கம் போய் உட்கார்ந்தார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் எதுவும் சொல்லத் தெரியாமல், எங்கள் வாசல் விளக்கு மினுக்குவதைப் பார்த்து அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனார்கள்.

அண்ணி மறுபடி வேலைக்குப் போனார். பிளஸ் சார் பேச்சு வீட்டில் எழவில்லை. கட்டுரை மேசை இழுப்பறையில் கிடந்தது. கரண்டி எடுக்கத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும் என்பதால், கரண்டியை வேறிடத்துக்கு மாற்றினோம்.

அண்ணிக்கு விடுமுறையான ஒரு பகலில் அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'ஆஸ்பத்திரி ஆராய்ச்சி' என்று வந்தது. கையெழுத்துப் போட்ட அன்று அவரே பதிந்துவைத்த நம்பர். நாளெல்லாம் போனில் பேசிச் சம்பாதிக்கிற அண்ணி, போனைக் கவிழ்த்து வைத்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அவங்களுக்குத் தெரியாது, இல்ல?" என்றார்.

"தெரியாது. நாம சொல்லல."

"நீ பேசு தம்பி. என்னால அந்த வார்த்தைய போன்ல சொல்ல முடியாது. நீதான் எதையும் இருக்கறபடி சொல்றவனாச்சே."

நியாயமான வேலைப் பகிர்வுதான். எடுத்தேன்.

"வணக்கம் சார், ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுலருந்து பேசறேன்." இளம் பெண்ணின் குரல். அண்ணனின் முழுப் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி அவனை யாரும் அழைத்ததில்லை. "அவர் இப்ப எப்படி இருக்கார்னு தெரிஞ்சுக்கறதுக்காகக் கூப்பிட்டேன்."

நான் சொல்ல வேண்டியது ஒரே சொல். சொன்னால் எங்கோ ஒரு படத்தில் கோடு ஒரு படி இறங்கும். அவ்வளவு நேர்த்தியான வேலை. வாயைத் திறந்தேன். எதிரே அலமாரியில் முகமூடி மல்லாந்து கிடந்தது. ஊதாத முகம், கோணல் மூக்கு, நெற்றிப் பள்ளத்தில் சைக்கிள் சாவி.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. இது அவங்க நம்பர் இல்லைங்க."

"அப்படியா? இதுதான் பதிவாயிருக்கு. நீங்க யாரு?"

"பக்கத்து வீடு. அவங்க வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க."

"எங்க போனாங்கன்னு தெரியுமா?"

"தெரியலங்க."

"வேற நம்பர் ஏதாவது?"

"இல்லைங்க."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "சரிங்க. தொடர்பு இல்லன்னு போட்டுக்கறேன்."

அந்தக் குறி எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். கடைசியாக அவனை அவர்கள் பார்த்த நாளில் விழும். மட்டமாக நீண்டு போகிற அந்தக் கடைசிக் கோட்டில் அல்ல. செங்குத்தான இடத்தில், நடுப் படிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்தில் இன்னொன்றாக. எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் எந்த அண்ணியின் விரலும் அங்கே நிற்காது. இதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. படத்தைக் கெடுப்பதைத் தவிர.

"சார், ஒரே ஒரு கேள்வி" என்றாள் அந்தப் பெண். "கடைசியா நீங்க பாத்தப்ப எப்படி இருந்தார்?"

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லா இருந்தார்ங்க" என்றேன். "வேலைக்குக் கெளம்பிட்டு இருந்தார். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னார்."

"அப்படிங்களா? சந்தோஷம் சார்" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள் போலிருந்தது. அவள் வேலையில் இப்படி அடிக்கடி கேட்கக் கிடைக்காது.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"நன்றி சொல்லிட்டு வை தம்பி."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.